வெயில் படத்தில் மழைச் சத்தம்

ஆறு வருடத்துப் படத்திலிருந்து நான் எடுத்துப் போட்டது ஒரே ஒரு சொல்லைத்தான். அது நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. நாற்பத்தொன்றையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சத்தத்தை அணைத்து, அந்த இடத்தில் மழைச் சத்தத்தை ஒட்டினேன். இந்த வேலைக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று பதுளைக்கும் தோட்டத்துக்கும் பஸ்ஸில் அலைந்து தேர்ந்தெடுத்தவளும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்துச் செய்யவைக்கவில்லை.

அந்தச் சொல் 'அம்மா'. சொன்னது என் அக்காவின் மகள். சொன்னது என்னைப் பார்த்து.

அக்கா வெளிநாட்டுக்குப் போனபோது பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. கொழும்புக்கு வேலைக்குப் போன அத்தான் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச்சேர்ந்திருந்தார்கள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும், அதன் முன்னால் தகரம் அடித்து மறைத்த இஸ்தோப்புத் திண்ணையும்தான் எங்கள் வீடு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அக்கா மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்தெடுத்தவள். பதினாறு வயதில் கூடையை மாட்டி, என்னைப் படிக்கவைத்து, டீச்சராக்கியவள் அவள்தான்.

புறப்பட்ட அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது பிள்ளை என் இடுப்பில் இருந்தது. அக்கா அதன் காலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நீ நல்லாத்தான் பாத்துக்குவ புள்ள. அது எனக்குத் தெரியும். என்னைய மறந்திராம மட்டும் பாத்துக்க, அது போதும்," என்றாள்.

"நான் மறக்கவுட்டுருவேனாக்கா? நல்ல கதையா இருக்கே!" என்றேன் பெரிய வீறாப்பாக.

அக்கா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அவளுக்கு அங்கே கிடைத்தது, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாவின் அறையிலேயே இவளும் தூங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணி நேரம் மட்டும் வெளியே வந்து பேச விடுவார்கள். கூப்பிடுவாள். நான் போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடிப்பேன். பிள்ளை என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "பேசுடி தங்கம், பேசுடி," என்று அங்கிருந்து அக்கா கெஞ்சுவாள். இது என்ன சொன்னாலும் வாயைத் திறக்காது. எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகு, "போன் அம்மா போய்ட்டாங்களா?" என்று கேட்கும். அக்காவுக்கு அது வைத்த பெயர் 'போன் அம்மா'.

என்னை 'அம்மா' என்று அது கூப்பிட்டதற்கு நான் சொல்லிக்கொடுத்தது காரணமில்லை. இதை மட்டும் தலை நிமிர்ந்து சொல்வேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் அது இருந்தது. மலையிலிருந்து பெண்கள் இறங்கிவரும் நேரத்தில் அங்கே பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளும் நடக்கிற பிள்ளைகளுமாக வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, ஆளாளுக்கு "அம்மா, அம்மா" என்று ஒரே கூச்சல். ஒரு நாள் நானும் வேலை முடிந்து போய் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் கத்துவதைப் பார்த்து எங்கள் பிள்ளையும் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியது. அதுவரை 'தா', 'பூ', 'நாய்' என்ற மூன்றைத் தவிர அது வேறெதையும் சொன்னதில்லை.

அன்றைக்கே நான் திருத்தியிருக்க வேண்டும். கொப்பியில் ஒரு கொம்பு விட்டுப்போனாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்துத் தரம் எழுதவைக்கிறவள் நான். இதை மட்டும் திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொடுப்போம், கொஞ்சம் விவரம் தெரியட்டும், என்று தள்ளிப்போட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு இனித்தது. கலியாணம் ஆகாதவள், ஆகும் என்ற எண்ணமும் குறைந்துகொண்டே வந்தவள். அந்தக் கூப்பிடுதலுக்குத் திரும்பிப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் போனில் படம்பிடிப்பேன். அக்காவுக்கு அனுப்பத்தான். பைப்படியில் நாய்க்குட்டிக்குச் சவர்க்காரம் போடுவது, என் பள்ளிக்கூடத்துச் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு நடப்பது, ஒரு பிளாஸ்டிக் கூடையை முதுகில் மாட்டிச் செவ்வந்திச் செடியில் கொழுந்தெடுப்பது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கட்டத்தில் போனைப் பார்த்து, அதாவது போனுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "அம்மா, இங்க பாருங்களே" என்று சொல்லிவிடும். அந்தச் சொல் இல்லாத துண்டாகப் பார்த்துத்தான் அக்காவுக்கு அனுப்புவேன். அவசரத்தில் சில தப்பிப் போயின. அனுப்பியபின்தான் கவனிப்பேன். வெள்ளிக்கிழமை வரும், அக்கா கூப்பிடுவாள், "புள்ள மெலிஞ்சிருக்கே, ஒழுங்கா சோறு குடுக்கிறியா?" என்று கேட்பாள். அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு வருடம் அப்படி ஓடியது. அந்த வயதான அம்மா இறந்துபோனதும் அக்கா ஊருக்கு வருவதாகச் சொன்னாள். இனித் திரும்பிப் போகமாட்டாளாம்.

"ஆறு வருசம் புள்ள வளந்தத ஒரே படமா போட்டுக் காட்டுடி. அங்க வந்து ஆற அமர ஒக்காந்து பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு ஆச," என்றாள்.

"சரிக்கா, செஞ்சி வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகுதான் யோசித்தேன். ஒரு துண்டில் ஒரு தரம் கேட்டால் ஏதோ பிள்ளை உளறியது என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஒரே மூச்சில் நாற்பது தரம் கேட்டால் என்ன சொல்வது?

முதலில் போனிலேயே செய்து பார்த்தேன். இலவசம் என்று போட்டிருந்த ஒன்றை இறக்கினேன். படத்தை அழகாகத்தான் ஒட்டியது. ஆனால் மூலையில் தன் பெயரை எழுதிக்கொண்டே ஓடியது. பிள்ளை குனியும்போதெல்லாம் முகத்தின் மேல் அந்தப் பெயர் வந்து நின்றது. இன்னொன்றை இறக்கினேன். அதற்கு என்ன பைத்தியமோ, கேட்காமலேயே எங்கள் பிள்ளையின் கன்னத்தை வெள்ளையாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, தலையைச் சுற்றிப் பூப்பூவாகப் பறக்கவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் போனையே தூக்கி அடித்திருப்பேன். கறுப்புப் பிள்ளையைக் கறுப்பாகக் காட்டத் தெரியாத மென்பொருள் யாருக்கு வேண்டும்?

பதுளை டவுனில் கம்பியூட்டர் பழுதுபார்க்கிற ஒரு கடை. என் பழைய லெப்டொப்பை விற்றவரே அந்தக் கடை முதலாளிதான். முஸ்லிம் மனிதர், நல்ல பொறுமைசாலி. ஒரு சனிக்கிழமை லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு பசறை வழியாக ஆடி ஆடி அங்கே போய் இறங்கினேன்.

அவர் முதலில் ஸ்டூடியோக்காரர்கள் பாவிப்பது என்று ஒரு பெரிய மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். லெப்டொப் முக்கியது, முனகியது, சூடாகி அப்படியே உறைந்து நின்றது.

"ஏலாது டீச்சர். இது இந்த மெசினுக்குத் தாங்காது. நீங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, அதுக்குத் தோதா ஒண்டு பாப்பம்."

"துண்டு துண்டா இருக்கிறத ஒட்டணும். மூலையில பேரு விழக்கூடாது. மொகத்த மாத்தக்கூடாது. பெறகு..." கொஞ்சம் தயங்கினேன். "படம் அப்படியே ஓடணும், நடுவுல சில எடத்துல மட்டும் சத்தம் இல்லாம போகணும்."

"என்ன சத்தம்?"

"நாய் கொரைக்கிற சத்தம்."

எவ்வளவு லேசாக வந்தது பாருங்கள் அந்தப் பொய்! அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தேடி, ஒரு சாதாரணமான, பார்ப்பதற்குக் கணக்குக் கொப்பி போலிருந்த மென்பொருளைப் போட்டுத் தந்தார். இலவசம், பெயர் போடாது, பழைய மெசினிலும் ஓடும், படத்தையும் சத்தத்தையும் பிரித்துத் தனித்தனியாக வைக்கும். என் வேலைக்கு அச்சாக அதுதான்.

"ஒண்டு மட்டும் ஞாபகம் வைங்க டீச்சர்," என்றார் பையைக் கையில் தரும்போது. "இதுல நீங்க எப்பிடி வெட்டினாலும் ஒரிஜினலுக்கு ஒண்டும் ஆகாது. மனசு மாறினா திரும்ப எடுக்கலாம். ஆனா ஒரிஜினல அழிச்சிராதீங்க. அழிச்சா அவ்வளவுதான்."

ஆகஸ்ட் விடுமுறை முழுக்க அந்த மென்பொருளோடுதான் கிடந்தேன். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் இணையத்தில் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். கொப்பியில் எழுதி எழுதிப் படித்தேன். திரையில் படம் ஒரு நீளப் பட்டையாகக் கிடக்கும். அதற்குக் கீழே சத்தம் இன்னொரு பட்டை. பேச்சு வரும் இடத்தில் கோடு மேடாக எழும்பும், ஒன்றுமில்லாத இடத்தில் தரையோடு படுத்திருக்கும். முதல் சில நாள் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகக் கேட்டுத்தான் அந்தச் சொல்லைத் தேடினேன். பிறகு கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. சின்னதாக ஒரு மேடு, நடுவில் ஒரு ஒடுக்கம், அப்புறம் பெரிதாக ஒரு மேடு. கண்ணால் பார்த்ததுமே 'இந்தா இருக்கு' என்று பிடித்துவிடுவேன். பிள்ளை வளர வளர மேட்டின் உருவமும் மாறிக்கொண்டு வந்தது. ஐந்து வயதில், டொபி மிட்டாய்க்கு அடம்பிடிக்கும் காலத்தில், இரண்டாவது மேட்டுக்கு வால் முளைத்து இழுத்துக்கொண்டு போனது.

முதலாவது துண்டு அதே பிள்ளைமடுவத்து வாசற்படியில் எடுத்தது. அது முதன்முதலாகக் கூப்பிட்டு இரண்டு நாள் கழித்து, மறுபடியும் கூப்பிடட்டும் என்றே நான் போனைப் பிடித்துக்கொண்டு போய் நின்று எடுத்தது. அதில் கை வரவில்லை. எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்தேன். அப்புறம் உட்கார்ந்து அணைத்தேன்.

சத்தத்தை அணைத்த இடத்தில் திடீரென்று ஒரு வெறுமை. குழாயை மூடியதுபோல் சட்டென்று எல்லாம் நின்று, மறுபடி சட்டென்று தொடங்கும். யாருக்கும் சந்தேகம் வரும். அதை மறைக்க, ஒரு நாள் தகரத்தில் மழை பெய்த சத்தத்தைப் போனில் பிடித்து, எல்லா இடத்திலும் துண்டு துண்டாக வைத்தேன். எங்கள் பக்கத்தில் மழைக்கா பஞ்சம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

அக்கா மனம் நோகக்கூடாது என்றுதான் இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியா, டீச்சரம்மா? அக்கா மனம் நோகும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. "இத்தனை வருசமா நீ திருத்தலியா?" என்று அக்கா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாளே, அதுதான்.

எல்லாம் முடிந்து, முழுப் படமாக வெளியே எடுத்தேன்; பத்திரத்துக்கு அதன் பிரதி ஒன்று வைக்கப் போனபோது இடம் போதாது என்று லெப்டொப் சொல்லிவிட்டது. பழைய துண்டுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. என் பழைய போன் தண்ணீர் விழும் பீலிக் குழியில் விழுந்து செத்து வெகு நாளாயிற்று. கடைக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. மேசை லாச்சிக்குள் ஒரு பென் டிரைவ் இருந்ததும் ஞாபகம் இருந்தது. மூன்றாம் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தவிர அதில் ஒன்றுமில்லை. துண்டுகளை அதில் போட்டு வைத்திருக்கலாம். நான் லாச்சியைத் திறக்கவில்லை. எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலிசெய்தேன். இடம் போதவில்லை என்பது சாட்டு. அவை இல்லாமல் போகட்டும் என்றுதான் அழித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி மாதத்தில் பிள்ளைக்குப் பாடம் நடந்தது. ஏழு வயதாகிவிட்டது, எல்லாம் விளங்கும் வயது.

"வரப்போறவங்கதான் ஒங்க அம்மா. நான் சின்னம்மா. சொல்லு பாப்போம்?"

"அப்ப போன் அம்மா?"

"அவங்கதான் அம்மா. என்னைய சின்னம்மான்னு கூப்புடணும்."

"ஏன் இப்ப மட்டும்?"

"டொபி தாரேன்," என்றேன். ஒரு 'சின்னம்மா'வுக்கு ஒரு டொபி. கையை நீட்டிக்கொண்டு சொல்லும், வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும், போட்ட மறு நிமிடம் "அம்மா, இன்னொண்ணு," என்று கேட்கும்.

அக்கா வந்து இறங்கினாள். மெலிந்து, நிறம் வெளிறி, தலையில் பாதி நரைத்துப்போய் வந்தாள். முப்பத்தாறு வயது அவளுக்கு. பிள்ளையை ஓடிவந்து தூக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று, தொடலாமா என்று கேட்பதுபோல் பார்த்தாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணைக் காட்டினேன். "அம்மா," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிற்று. அக்கா அப்படியே இஸ்தோப்புத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை என்னிடம் வந்து டொபிக்குக் கையை நீட்டியது. அக்காவுக்குத் தெரியாமல் கொடுத்தேன்.

வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போய் ஓய்ந்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் டீவியின் முன்னால் உட்கார்ந்தோம். படம் தொடங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். "அய்யோ, இந்த நாய்க்குட்டி என்ன பாவம் பண்ணிச்சி!" "என்னாடி இது, சப்பாத்து போட்டுக்கிட்டு தொரை மாதிரி நடக்குறா!" எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நல்ல வேலைதான் செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

செவ்வந்திச் செடியில் கொழுந்தெடுக்கும் காட்சி வந்தது. பளீரென்ற வெயில். நடுவில் இரண்டு நொடி சோவென்று மழைச் சத்தம்.

"என்னா புள்ள, வெயிலு பொளக்குது, மழை சத்தம் கேக்குது. நரிக்குக் கல்யாணமா?" என்று அக்கா சிரித்தாள்.

"அன்னைக்கி மழையே பேயல," என்றது பிள்ளை.

"அது... பக்கத்து மலையில பேஞ்சிருக்கும்," என்றேன். அக்கா தலையாட்டினாள். அதற்கடுத்த துண்டில் பிள்ளை ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, போனை நோக்கி நடந்து வருகிறது. அப்போது மூன்று வயது. பாதி வழியில் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. மறுபடியும் மழை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிப்பாட்டு. திருப்பிப் போடு."

போட்டேன்.

"இந்தா, இந்த எடம். இந்த எடத்துல அம்மாங்கிறா. சத்தம் எங்க?"

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? இத நீ அங்க அனுப்பியிருக்க. எத்தனை தடவ பாத்திருக்கேன்!" என்றாள். "அந்தக் கெழவி ரூமுலதானே படுப்பேன். கூப்புட்டா காது கேக்கணும், அதனால காதுல எதையும் மாட்டக்கூடாதுன்னு வீட்டுக்காரி சட்டம். சத்தமா வச்சா கெழவி முழிச்சிக்கும். வெள்ளிக்கிழம கெடைக்கிற அரை மணி ஒங்கக்கூட பேசவே சரியாப் போயிரும். நீ அனுப்புன எதையும் நான் சத்தத்தோட கேட்டதே இல்ல புள்ள. வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்குவேன். நாயிங்கிறா, பூவுங்கிறா. ஏழெட்டு வீடியோவுல என்னைய நேரா பாத்து அம்மாங்கிறா. போனுல கூச்சப்பட்டு ஒளிஞ்சிக்கிறவ, வீடியோவுல மட்டும் கூப்புடுறாளேன்னு எவ்வளவு சந்தோசம் எனக்கு! நீ சொல்லிக் குடுத்து, போனப் பாத்துக் கூப்புட வச்சிருக்கன்னு நெனச்சிக்குவேன். ஊருக்குப் போனதும் இத சத்தமா வச்சிக் கேக்கணும்னு இருந்தேன்."

ஆறு வருடம், ஒரு நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, சத்தமில்லாத ஒரு சொல்லை வாயசைப்பில் பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கேட்கத்தான் வந்திருக்கிறாள். அதைத்தான் நான் தேடித் தேடி அணைத்தேன்.

"ஒங்கிட்ட அந்த வீடியோவெல்லாம் இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் போனுல எடம் ஏது? பழச அழிச்சாத்தானே புதுசு வரும். ஒங்கிட்டதான் இருக்கேன்னு அழிச்சேன். ஏன் சத்தம் வரல்ல?"

"காத்து சத்தம் எரைச்சலா இருந்திச்சிக்கா. அதான் எடுத்துட்டேன்."

"அப்ப எடுக்காத வீடியோவ போடு."

"எடம் பத்தல. அழிச்சிட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அட, போகட்டும் விடு," என்றாள். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "நீ இப்ப சொல்லு தங்கம்," என்றாள். பிள்ளை சொன்னது. அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இது பெரிய புள்ள சத்தம். எனக்கு அந்த வயசு சத்தம் வேணும்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார்.

"ஏலாது டீச்சர். நீங்க அழிச்ச எடத்துல புதுப் படம் போய் ஒக்காந்திருக்கு. அடியில இருந்தது போயிட்டு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாய் சத்தத்தத்தானே எடுத்தீங்க? இப்ப எதத் தேடுறீங்க?"

லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்தேன். போனதும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். அது உன்னைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டது, நான் திருத்தவில்லை, நான்தான் வேண்டுமென்றே அழித்தேன். பசறையில் பஸ் மாறும்போதும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது டீவியில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தக் கொறச்சிட்டேன் புள்ள. மழை எரிச்சலா இருக்கு. இப்படிப் பாத்தாத்தான் எனக்குப் பழக்கம்," என்றாள். திரையில் பிள்ளை வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது. அக்கா சீப்பை நிறுத்தினாள்.

"அதுல என்னையத்தானே கூப்புடுது?" என்று என்னிடம் கேட்டாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையும் பார்த்தது. முதலில் என்னை, பிறகு திரையை, பிறகு அக்காவை.

"ஒங்களத்தாம்மா," என்றது பிள்ளை. "போனுக்குள்ள நீங்க இருக்கீங்கன்னுதான் கூப்புட்டேன்."

அக்கா அதன் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்விட்டேன். தண்ணீர் நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பாதி பின்னிய தலையோடு பிள்ளை பின்னாலேயே வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தது. வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டது.

"நான் சொன்னது சரியா, சின்னம்மா?"

அன்றைக்கு அது டொபிக்குக் கையை நீட்டவில்லை.